நாலு மணிக்கு மேல் பிள்ளைகள் எங்கே?
லண்டன் துறைமுகச் சேரியில் பள்ளிகள் நடத்திய கிளப்புகளும், தோப்பும்படிப் பள்ளி கட்டிய வீடுகளும்

தோப்பும்படி:

மாலை நாலு மணிக்குப் பள்ளிக்கூடங்கள் விட்டதும் தோப்பும்படி சந்திப்பு பிள்ளைகளால் நிறைந்துவிடும். பழைய ஹார்பர் பாலத்தின் பக்கம் சிலர், மட்டாஞ்சேரிப் பக்கம் சிலர், பள்ளுருத்திப் பக்கம் சிலர் என்று அரை மணி நேரத்தில் எல்லோரும் கலைந்துவிடுகிறார்கள். வீட்டில் ஆள் இருக்கும் பிள்ளைக்குக் கவலை இல்லை. தகப்பனார் கடலில், தாயார் மீன் கம்பெனியில், வீட்டுக் கதவில் பூட்டு என்றால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள கேள்வி இது. கன்னியாகுமரி, திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களிலிருந்து கொச்சிக்கு வந்த நம்மவர்களுக்கும் உண்டு. சொந்த ஊரில் என்றால் பாட்டி இருப்பார், அத்தை இருப்பார், தெருவே பிள்ளை மேல் ஒரு கண் வைத்திருக்கும். இங்கே ஒற்றை அறை வாடகை வீடு. பக்கத்து வீட்டுக்காரரும் வேலைக்குப் போனவர்தான்.

ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வி லண்டன் துறைமுகப் பேட்டைகளில் எழுந்தது. அதற்குச் சில பள்ளிக்கூடங்கள் ஒரு பதில் கண்டன. பள்ளியின் பெயரால் சேரிக்குள் ஓர் இடம் பிடித்து, ஏழைப் பையன்களுக்கு மாலைநேரக் கிளப் நடத்துவது என்பதே அந்தப் பதில். அப்படி ஒரு கிளப்பில் வேலை பார்த்த கூச்ச சுபாவமுள்ள வாலிபர் ஒருவர் பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதம மந்திரி ஆனார். இந்தியாவுக்குச் சுதந்திரம் வழங்கும் சட்டம் நிறைவேறியது அவருடைய ஆட்சியில்தான்.

துறைமுகமும் நாள் கூலியும்

லண்டனின் கிழக்குப் பகுதிக்கு ஈஸ்ட் எண்ட் என்று பெயர். ஸ்டெப்னி, லைம்ஹவுஸ், ஒயிட்சேப்பல், பெத்னல் கிரீன் ஆகியவை அங்குள்ள பேட்டைகள். தேயிலை, சணல், சர்க்கரை, நம் மலையாளக் கரை மிளகு என்று உலகத்துச் சரக்கெல்லாம் அந்தத் துறைமுகத்தில்தான் இறங்கும். கப்பலில் வேலை பார்த்த இந்திய லஸ்கர்கள் கரையில் தங்குவதற்கு 1857லேயே லைம்ஹவுஸில் ஒரு விடுதி திறக்கப்பட்டது. ஆக, நம் நாட்டவர்களும் அறிந்த பேட்டைதான் அது.

சரக்கு கோடிக்கணக்கில் இறங்கினாலும் இறக்கியவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. காலையில் துறைமுக வாசலில் ஆட்கள் முண்டியடித்து நிற்பார்கள். மேஸ்திரி கை காட்டியவனுக்கு வேலை. மற்றவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். கிடைத்த வேலையும் சில மணி நேரம்தான். 1889இல் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு 6 பென்னி கூலி கேட்டு ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்து 30,000 பவுன் நிதி வந்து சேர்ந்தது. முடிவில் கேட்ட கூலி கிடைத்தது.

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அதற்குச் சாப்பா முறை என்று பெயர். மூப்பன் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசுவான். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை. கிடைக்காதவன் குடும்பத்துக்கு அன்று பட்டினி. அந்த முறையை எதிர்த்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15ஆம் தேதி மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று தொழிலாளர்கள் உயிர் இழந்தனர். 2023இல் வெளியான 'துறைமுகம்' என்ற மலையாளப் படம் இந்தக் கதையைச் சொல்லுகிறது.

நாள் கூலிக்காரன் வீட்டுப் பையனுக்கு அந்தக் கால லண்டனில் பதிமூன்று, பதினான்கு வயதில் படிப்பு முடிந்துவிடும். சரக்கு வண்டியில் எடுபிடியாகவோ கடைப் பையனாகவோ ஓடுவான். பதினெட்டு வயதாகி ஆண்பிள்ளைக் கூலி கேட்டால், "போ" என்று சொல்லிவிட்டு இன்னொரு சிறுவனைப் பிடித்துக்கொள்வார்கள். கையில் தொழில் இல்லாமல் அவனும் துறைமுக வாசலில் போய் நிற்பான். வேலை முடிந்து மாலையில் வந்தால் ஒரே அறையில் ஆறு பேர், ஏழு பேர். தெருமுனையை விட்டால் மதுக்கடை. வேறு போக்கிடம் கிடையாது.

பெரிய பள்ளிகள் இறங்கி வந்தன

இந்தச் சமயத்தில்தான் இங்கிலாந்தின் பெரிய பள்ளிக்கூடங்கள் ஈஸ்ட் எண்ட் பக்கம் திரும்பின. ஈட்டன் பள்ளி 1880இல் ஹாக்னி விக் பகுதியில் ஓர் இடம் பிடித்தது. ஹாரோ பள்ளி 1883இல் மேற்கு லண்டனில் நாட்டிங் டேல் என்ற ஏழைப் பேட்டையில் தொடங்கியது. ரெப்டன் பள்ளி 1884இல் பெத்னல் கிரீனில் பையன்களுக்கான கிளப் வைத்தது. அதே 1884இல் பாதிரியார் சாமுவேல் பார்னட் ஒயிட்சேப்பலில் டாய்ன்பி ஹால் என்ற நிலையத்தை நிறுவினார். பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் ஏழைகளின் நடுவே குடியிருந்து சேவை செய்யட்டும் என்பது அவருடைய எண்ணம்.

இந்தப் பள்ளிகளுக்கு அங்கே "பப்ளிக் ஸ்கூல்" என்று பெயர். பெயரைக் கண்டு ஏமாறக் கூடாது. சர்க்கார் பள்ளிகள் அல்ல. பெரும் பணக்காரர் பிள்ளைகள் சம்பளம் கட்டிப் படிப்பவை. பள்ளியில் நிதி திரட்டுவார்கள். பழைய மாணவர்கள் சிட்டி ஆபீசிலும் கோர்ட்டிலும் வேலை முடிந்தபின் ரயில் ஏறி வந்து பையன்களோடு பந்து ஆடுவார்கள், குத்துச்சண்டை சொல்லித் தருவார்கள்.

வந்தவர்களின் நோக்கம் பலவிதம். மதப் பற்றால் வந்தவர் உண்டு. ஏழைகள் பொங்கி எழுந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் வந்தவர் உண்டு. தன் வசதியை நினைத்து மனம் உறுத்தி வந்தவரும் உண்டு. எந்த நோக்கத்தில் வந்தாலும், வாரம் தவறாமல் வந்தவர்கள் பார்க்காததைப் பார்த்தார்கள். அதுதான் முக்கியம்.

கம்பெனி ரைட்டர்களின் கல்லூரி

ஸ்டெப்னியில் கிளப் நடத்திய பள்ளியின் பெயர் ஹெய்லிபரி. இந்தப் பள்ளிக்கும் நமக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் உத்தியோகஸ்தர்களுக்குப் பயிற்சி கொடுக்க 1806இல் ஒரு கல்லூரி தொடங்கியது. 1809இல் அது ஹெய்லிபரியில் கட்டிய புதுக் கட்டடத்துக்கு மாறியது. கம்பெனியின் இளநிலை உத்தியோகஸ்தருக்கு "ரைட்டர்" என்று பெயர். கல்கத்தாவில் ரைட்டர்ஸ் பில்டிங் என்று இன்றும் நிற்கிறதே, அந்த ரைட்டர்தான்! ஜனத்தொகைப் பெருக்கம் பற்றி எழுதிப் புகழ்பெற்ற மால்தஸ் 1834இல் இறக்கும் வரை இந்தக் கல்லூரியில்தான் பேராசிரியராக இருந்தார்.

1858இல் கல்லூரி மூடப்பட்டது. கம்பெனி ஆட்சியும் அந்த ஆண்டோடு முடிந்தது. 1862இல் அதே கட்டடத்தில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. இந்தியாவை ஆளப் பிள்ளைகளைத் தயார் செய்த கட்டடம் அப்படியே பிரபுக்கள், வக்கீல்கள், ராணுவ அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியாயிற்று. அங்கே படித்தவர்தான் கிளெமெண்ட் அட்லி.

ஒரு மாலை நேரம் பார்த்துவிட்டுப் போக வந்தவர்

அட்லி 1883இல் பிறந்தவர். தகப்பனார் வசதியான சட்ட ஆலோசகர். ஹெய்லிபரியில் படித்து, ஆக்ஸ்போர்டில் பட்டம் பெற்று, வக்கீல் தொழிலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். சாம்ராஜ்யப் பெருமையில் ஊறிய வீடு. அரசியலில் பழமைவாதி. நாலு பேர் முன் பேசுவதற்குக் கூசுகிறவர்.

1905 அக்டோபரில் தம் தம்பி லாரன்ஸுடன் ஸ்டெப்னிக்குப் போனார். பழைய மாணவர் என்ற முறையில், பள்ளி நடத்தும் கிளப்பை ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம் என்பதற்கு மேல் எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் மறு வாரமும் போனார். பிறகு வாரத்தில் பல நாள் போனார்.

கிளப் என்றால் சீட்டாட்ட மண்டபம் அல்ல. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ள, வேலைக்குப் போகிற பையன்கள் வரும் இடம். பையன்கள் எல்லோரும் ஒரு கேடட் படைப்பிரிவில் சேர்ந்து டிரில் பழக வேண்டும் என்று விதி. நம் பள்ளிகளில் என்.சி.சி. இருக்கிறதே, அது மாதிரி. கிழிந்த சட்டைக்காரனுக்குச் சுத்தமான யூனிபாரம் கிடைத்தது. வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வெளியே முகாம். அதிலேயே பையன்களின் முதுகு நிமிர்ந்தது. அட்லியும் 1906இல் அதில் அதிகாரியானார்.

1907இல் கிளப் மானேஜர் பதவி காலியானது. அட்லி ஏற்றுக்கொண்டார். சம்பளம் வருஷத்துக்கு 50 பவுன். மாலையில் வந்து இரவில் சொகுசு வீட்டுக்குத் திரும்புகிறவராக இருந்தவர், இப்போது ஸ்டெப்னியிலேயே குடி புகுந்தார். அப்போது அவருக்கு வயது 24.

குடியிருந்து பார்த்தபோதுதான் அவர் எண்ணம் மாறியது. ஏழைகள் சோம்பேறிகள், குடிகாரர்கள், அதனால்தான் ஏழைகள் என்று அவருடைய வட்டாரத்தில் பேசுவார்கள். கிளப் பையன்களைப் பார்த்தால் நேர்மாறாக இருந்தது. கிடைத்ததைப் பங்கு போட்டுத் தின்றார்கள். வேலை இல்லாத தோழனுக்கு உதவினார்கள். கெட்டிக்காரப் பையனும் பதினெட்டு வயதில் வேலை இழந்து நின்றான். குற்றம் பையனிடம் இல்லை, ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது.

அட்லியே பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. தெருவில் அவரோடு நடந்து வந்த ஒரு சிறுமி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். தேநீர் சாப்பிட வீட்டுக்குப் போகிறேன் என்றார் அவர். நானும் வீட்டுக்குத்தான் போகிறேன், தேநீர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும் என்றாளாம் அந்தச் சிறுமி. நாள் கூலிக் குடும்பத்தின் பொருளாதாரம் முழுவதும் அந்தப் பதிலில் அடங்கிவிட்டது.

1908 ஜனவரியில் அட்லி சுதந்திரத் தொழிற்கட்சியின் ஸ்டெப்னி கிளையில் சேர்ந்தார். தெருமுனையில் நின்று பேசப் பழகினார். பிறகு டாய்ன்பி ஹாலில் சிறிது காலம் செயலாளர் வேலை. முதல் உலகப் போரில் கலிபோலியிலும் மெசபடோமியாவிலும் சண்டையிட்டுத் திரும்பியவர், 1919இல் அதே ஸ்டெப்னியின் மேயரானார். 1922இல் லைம்ஹவுஸ் தொகுதி அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது.

நம் நாட்டுக்கும் அவர் வந்தார், நல்ல வரவேற்போடு அல்ல. 1928இல் கறுப்புக் கொடியும் "திரும்பிப் போ" கோஷமும் சந்தித்த சைமன் கமிஷனின் ஏழு உறுப்பினர்களில் அவரும் ஒருவர். இந்தியர் ஒருவர்கூட இல்லாத கமிஷன் அது. அதே மனிதர் 1945 ஜூலையில் பிரதம மந்திரியானார். 1947 பிப்ரவரி 20ஆம் தேதி இந்தியாவை விட்டு வெளியேறும் முடிவைப் பார்லிமெண்டில் அறிவித்தார். ஜூலை 18ஆம் தேதி இந்திய சுதந்திரச் சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல் கிடைத்தது. சுதந்திரம் நம் மக்களின் போராட்டத்தால் வந்தது. அதில் ஐயம் இல்லை. ஆனால் கம்பெனி ரைட்டர்களைத் தயார் செய்த கட்டடத்தில் படித்தவர் கையாலேயே அந்தக் கணக்கு முடிக்கப்பட்டது என்பது சரித்திரத்தின் விசித்திரம்.

தர்மம் போதுமா?

கிளப்பில் கற்ற பாடத்தை அட்லி மறக்கவில்லை. 1920இல் சமூக சேவகரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கொடுப்பவர் உயரத்தில் நின்று, வாங்குபவர் கை நீட்டி நிற்கும் தர்மத்தால் மனிதனின் மானம் போகிறது. நோய்க்கும் பட்டினிக்கும் சட்டப்படி வழி செய்வதே முறை என்பது அவர் கட்சி. அவருடைய ஆட்சியில் 1948 ஜூலை 5ஆம் தேதி பிரிட்டனில் எல்லோருக்கும் இலவச வைத்தியம் தொடங்கியது.

நம் பக்கத்துச் சரித்திரமும் இதையே சொல்லுகிறது. சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகல் உணவு தொடங்கியது. காமராஜர் ஆட்சியில் 1956இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். ஊர்ப் பெரியவர் மனம் வைத்தால்தான் சோறு என்ற நிலை போய், பள்ளிக்கு வந்தால் சோறு உண்டு என்றாயிற்று.

அப்படியானால் கிளப்பும் அறக்கட்டளையும் வீண்தானா? இல்லை. சர்க்கார் சோறு போடலாம், மருந்து கொடுக்கலாம். மாலை ஆறு மணிக்கு ஒரு பையனின் பெயரைச் சொல்லி, "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். தவிர, அட்லியைப் போன்ற ஒருவர் ஏழையின் வீட்டைப் பார்த்திராவிட்டால் அந்தச் சட்டங்களை எழுதத் தோன்றியிருக்குமா என்பதும் கேள்வி.

பள்ளிகள் தொடங்கிய கிளப்புகளின் பிற்காலக் கதையிலும் பாடம் இருக்கிறது. ஈட்டன் பழைய மாணவர்கள் பெரும் பணம் போட்டு நடத்திய ஈட்டன் மேனர் கிளப் 1967இல் மூடப்பட்டது. அதன் விளையாட்டு மைதானம் இருந்த இடம் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர்களின் பயிற்சிக்குப் பயன்பட்டது. ரெப்டன் பள்ளி 1971இல் தன் கிளப்போடு இருந்த தொடர்பை விட்டது. ஆனால் கிளப் சாகவில்லை. பேட்டைக்காரர்களே அதைத் தாங்கிப் பிடித்தார்கள். குத்துச்சண்டையில் பிரிட்டனிலேயே பேர் பெற்ற அமெச்சூர் கிளப்பாக அது வளர்ந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஆட்லி ஹாரிசன் அங்கே பழகியவர். ஹாரோ பள்ளி தொடங்கியதோ ஹாரோ கிளப் என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

ஹெய்லிபரிப் பெயரிலுள்ள இளைஞர் அறக்கட்டளை இப்போது உகாண்டா நாட்டில், செங்கல் சுடாமல் அழுத்திய மண் கட்டிகளைக் கொண்டு பள்ளிக்கூடங்கள் கட்டுகிறது. அங்குள்ள வாலிபர்களுக்கு அந்த வேலையையும் கற்றுக் கொடுக்கிறது.

தோப்பும்படியின் பதில்

பள்ளிக்கூடம் தன் மதிற்சுவருக்கு வெளியே வருவதற்கு லண்டன் போய்த்தான் உதாரணம் தேட வேண்டுமா? தோப்பும்படியிலேயே இருக்கிறது. இங்குள்ள அவர் லேடீஸ் கான்வென்ட் பெண்கள் மேல்நிலைப் பள்ளியை அறியாதவர் இருக்க முடியாது. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த சிஸ்டர் லிஸ்ஸி சக்காலக்கல் 2014இல் "ஹவுஸ் சேலஞ்ச்" என்ற திட்டத்தைத் தொடங்கினார். வீடில்லாத மாணவியின் குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுப்பதே திட்டம்.

ஆரம்பம் சாதாரணமானது. ஆசிரியைகள் மாணவிகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். வகுப்பில் தலை வாரி, யூனிபாரம் போட்டு வந்து உட்காரும் பெண், பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய குடிசையில் இருந்து வருகிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. தகப்பனாரை இழந்த ஒரு மாணவியின் குடும்பத்துக்கு முதல் வீடு எழுந்தது. மாணவிகள், ஆசிரியைகள், ஊரார், வியாபாரிகள் எல்லோரும் கை கொடுத்தார்கள். ஒருவர் பணம், ஒருவர் சிமெண்ட், ஒருவர் மனை என்று சேர்ந்தது. விதவைகள், நோயாளிகள் உள்ள குடும்பங்களுக்கு முதலிடம். அப்படிக் கட்டிய வீடுகள் 150ஐத் தாண்டிவிட்டன.

லண்டன் பள்ளிகள் தங்களுக்குச் சம்பந்தமில்லாத தூரத்துச் சேரிக்குப் போய் உதவின. இங்கேயோ, உதவி பெறுகிறவள் அதே வகுப்பு மாணவி. அடுத்த பெஞ்சில் இருப்பவளுக்கு வீடு என்றால் அது தர்மம் அல்ல, ஒத்தாசை. வாங்குகிறவரின் மானம் போகக் கூடாது என்று அட்லி கவலைப்பட்டாரே, அதற்கு ஒரு வழி இதில் இருக்கிறது.

வீடு வந்துவிட்டால் நாலு மணிக் கேள்வியில் பாதி தீர்ந்தது எனலாம். பூட்டக் கூடிய கதவு, எரியும் விளக்கு, புத்தகம் வைக்க ஓர் அலமாரி இருந்தால் பெண் பிள்ளை பயமில்லாமல் படிக்கலாம். மீதிப் பாதிக்கு என்ன செய்வது?

நம் கையில் இருப்பது

கேரளத்தில் இருக்கும் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. இங்கே வாசகசாலை இல்லாத ஊர் அபூர்வம். பி.என். பணிக்கர் 1945இல் அம்பலப்புழையில் 47 வாசகசாலைகளைக் கூட்டித் தொடங்கிய சங்கம் மாநிலம் முழுவதும் வேர் விட்டது. வாசகசாலை என்றால் புத்தகம் மட்டும் இல்லை. கேரம் போர்டு உண்டு, பந்து விளையாட்டு உண்டு, நாடகம் உண்டு. நம்மவர்களில் எத்தனை பேர் அதில் உறுப்பினர்? "மலையாளத்துக்காரர்கள் இடம்" என்று ஒதுங்கி நிற்பவர்கள்தான் அதிகம். சந்தா கட்டிச் சேர்ந்தால் பிள்ளைக்கு மாலையில் போக ஓர் இடமும், மலையாளப் பாடத்துக்கு உதவ நாலு அண்ணன்மார்களும் கிடைப்பார்கள்.

இரண்டாவது, மொழி. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று தடுமாறும் பிள்ளைதான் முதலில் பள்ளியை விட்டு நழுவும். வேற்று மாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் பினானிபுரம் பள்ளியில் "ரோஷ்னி" என்ற திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் பேசியே மலையாளத்துக்கு அழைத்துச் செல்லும் முறை அது. தமிழ்ப் பிள்ளைகள் உள்ள பள்ளியில் இதுபோல் ஏதும் உண்டா என்று பெற்றோர் சங்கக் கூட்டத்தில் கேட்பதில் தவறில்லை. பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் போக வேண்டும்.

மூன்றாவது, நம் சங்கங்கள். பொங்கலுக்கும் சித்திரைக்கும் கூடி, பட்டிமன்றம் வைத்து, போட்டோ எடுத்துக் கலையும் சங்கங்கள் வருஷத்தில் மற்ற நாட்களில் என்ன செய்கின்றன? பெரும்பாலான சங்கங்களுக்கு ஓர் அறையாவது இருக்கிறது. அந்த அறையை வாரத்தில் ஐந்து நாள், மாலை இரண்டு மணி நேரம் திறந்து வைக்க எவ்வளவு செலவாகும்? ஒரு விளக்கு, ஒரு பாய், ஒரு செஸ் போர்டு. ஆபீசில் ஐந்து மணிக்குப் பேனாவை மூடும் குமாஸ்தாக்கள் ஐந்து பேர் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டால் வாரம் நிறைந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர் எட்டாம் வகுப்புக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க முடியாதா?

ஒரு நிபந்தனை உண்டு. இது ஒரு மாதக் கூத்தாகப் போய்விடக் கூடாது. ஒரு நாள் வந்து மிட்டாய் கொடுத்துப் போகிறவரைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வருகிறவரை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். ஈஸ்ட் எண்ட் கிளப்புகளில் நிலைத்தவை எவை என்று பார்த்தால், பேட்டைக்காரர்கள் தங்களுடையது என்று எண்ணி நடத்தியவைதான். வளர்ந்த பையனே அடுத்த தலைமுறைக்கு மேற்பார்வையாளராக வந்தான்.

ஆண் பிள்ளைகளோடு நின்றுவிடவும் கூடாது. அந்தக் கால லண்டன் கிளப்புகளில் பல பையன்களுக்கு மட்டுமே கதவு திறந்தன. தோப்பும்படிப் பள்ளியோ பெண் பிள்ளைகளில் இருந்து தொடங்கியது. நாம் தொடங்குவதானால் இருவருக்கும் இடம் வைத்தே தொடங்க வேண்டும். பெண் பிள்ளை இருட்டுமுன் வீடு சேர ஏற்பாடும் வேண்டும்.

1905இல் ஸ்டெப்னிக்குப் போன வாலிபர் உலகத்தை மாற்றப் போகவில்லை. ஒரு மாலை நேரத்தைக் கொடுக்கப் போனார். தோப்பும்படி ஆசிரியைகளும் 150 வீடுகளைக் கணக்கிட்டுக் கிளம்பவில்லை. ஒரு மாணவியின் வீட்டைப் பார்க்கப் போனார்கள். நம் தெருவில் நாலு மணிக்குப் பூட்டிய கதவின் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யாருடையது என்று இன்று நாம் விசாரித்தால் போதும். மற்றது தானே தொடரும்.